நீங்கள் திருத்திய நாற்பத்திரண்டு நோட்டுகள்

டீச்சர்,

உங்கள் காரியப் பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. ஓரத்தில் கறுப்புக் கோடு போட்ட அட்டை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். நீங்கள் போன செய்தி போனில் முன்னமே வந்துவிட்டது. முழங்கால் விடாததால் நான் புறப்பட்டு வர முடியவில்லை. அழுவதெல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அட்டையை எடுத்து வாசலோரம் வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். படித்து முடித்துப் பார்த்தால் கையில் பென்சில் இருக்கிறது, இங்கிலீஷ் பக்கத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கிறது. எப்போது பென்சிலை எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று தப்புகளில் இரண்டு சாதாரணம், விட்டுவிடலாம். மூன்றாவதை விட முடியாது. நீங்கள் போன தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒரு மனுஷி எந்தக் கிழமை போனாள் என்பதைக்கூட ஒரு தடவை படித்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பார்களா? உங்கள் மகனுக்குப் போன் செய்து சொன்னேன். “அத்த, இப்ப போய் இதையா பாப்பீங்க?” என்றான். இதைத்தான் பார்ப்பேன். வேறெதைப் பார்ப்பது?

நீங்களாக இருந்தால் சிவப்புப் பேனாவை எடுத்து அட்டை முழுவதையும் திருத்தி எழுதி, அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். நான் புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன். நம் இரண்டு பேருக்கும் நடந்த சண்டை மொத்தமும் இவ்வளவுதான். அது நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எமர்ஜென்சி வந்ததற்கு அடுத்த வருஷம் நீங்கள் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். கோயில் மதிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஓடு போட்ட பெண்கள் நடுநிலைப் பள்ளி. நான் அங்கே ஏற்கெனவே ஒன்பது வருஷம் குப்பை கொட்டியிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியப் பயிற்சி எடுத்தவள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இங்கிலீஷ் எடுக்கப் பட்டதாரி யாரும் வராததால் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். “தற்காலிகமா எடுங்க,” என்று பெரிய டீச்சர் சொன்னார். தலைமையாசிரியை என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை, அவர் எல்லாருக்கும் பெரிய டீச்சர்தான். அந்தத் தற்காலிகம் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் எனக்கு அந்த வகுப்புகளின் மேல் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது.

நீங்கள் பி.ஏ., பி.டி. வெளிர் நீலப் புடவை, தோளில் தோல் பை, ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்களைப் போல இங்கிலீஷ். பெரிய டீச்சர் ஆறையும் எட்டையும் உங்களுக்குக் கொடுத்தார். ஏழாம் வகுப்பை மட்டும், உங்களுக்கு நேரம் இல்லை என்பதால், என்னிடமே விட்டுவைத்தார். ஒரே ஒரு வகுப்பு. ஆய்வுக்கு வருகிற ஆய்வாளர் ‘தகுதி போதாது’ என்று ஒரு வரி எழுதினால் போதும், அதுவும் போய்விடும். நான் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் ஒரு மாதம் உங்களை எதிரியாகத்தான் பார்த்தேன்.

நான் எப்படி இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன் என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். அவை பழைய பேப்பர் கடைக்கு வரும். கடைக்காரர் எடை போட்டு எனக்குக் கொடுப்பார். அவரிடம் ஒரு அகராதியும் கிடைத்தது. அதில் எஸ் எழுத்தோடு பக்கங்கள் தீர்ந்துபோயிருந்தன. மீதியைக் கடலை மடிக்கக் கிழித்துவிட்டார்கள். அதனால் டி தொடங்கி இசட் வரைக்கும் எந்தச் சொல் வந்தாலும் நானேதான் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். முன்னால் உள்ள வரியைப் பார், பின்னால் உள்ள வரியைப் பார், இங்கே என்ன பொருந்தும் என்று யோசி. அப்படித்தான் படித்தேன்.

நான் இதைச் சொன்னபோது நீங்கள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

“அப்ப உங்களுக்கு எஸ் வரைக்கும்தான் இங்கிலீஷ்னு சொல்லுங்க.”

“எஸ் வரைக்கும் அகராதி படிச்சது. அதுக்கப்புறம்தான் நான் படிச்சது,” என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். அன்றைக்கு உங்கள் டப்பாவிலிருந்த வேர்க்கடலைத் துவையலில் பாதி என் தட்டுக்கு வந்தது. பகை அத்தோடு போயிற்று.

பகை போனாலும் வாக்குவாதம் போகவில்லை. ஏழாம் வகுப்புப் பெண்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று உங்களுக்கு ஒருநாள் காட்டினேன். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கும், கீழே ஐந்து கேள்வி இருக்கும். கேள்வியில் வரும் சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுவார்கள். கிடைத்ததும் அந்த வரியை அப்படியே இறக்கி எழுதுவார்கள். ஐந்துக்கு ஐந்து மார்க். படித்தது என்ன என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

“இல்ல டீச்சர், புரியாம எப்படி சரியா எழுதுவாங்க? நீங்க ரொம்ப ஜாஸ்தி சந்தேகப்படுறீங்க,” என்றீர்கள்.

நான் ஒரு தாளில் எழுதி உங்கள் முன்னால் வைத்தேன். என் மனதில் தோன்றிய அர்த்தமில்லாத சொற்களைப் போட்டு, இங்கிலீஷ் மாதிரி ஒரு வரி. ‘எ மோர்டில் வாஸ் ஸ்னிபிங் அண்டர் தி க்ரோவ்ல்.’ கீழே கேள்வி: ‘வேர் வாஸ் தி மோர்டில் ஸ்னிபிங்?’

“அண்டர் தி க்ரோவ்ல்,” என்று சட்டென்று சொல்லிவிட்டீர்கள்.

“கரெக்ட். முழு மார்க். மோர்டில்னா என்னா டீச்சர்?”

“…தெரியலியே.”

“க்ரோவ்ல்?”

“ஏதாச்சும் மரமா இருக்குமா?”

“எனக்கும் தெரியாது. நான்தான் எழுதினேன்.”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு தாளாலேயே என் தோளில் அடித்தீர்கள். அன்று முதல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண் அசரும்போதெல்லாம், நீங்கள் என் காதருகே வந்து, “மோர்டில் ஸ்னிபிங்,” என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் எத்தனை தடவை தண்ணீர்ப் பானைப் பக்கம் ஓடியிருக்கிறேன்!

நான் புத்தகத்துக்கு வெளியே இருந்து பத்திகளைக் கொண்டுவந்தேன். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், விதை பாக்கெட்டின் பின்பக்கம், பஸ் ஸ்டாண்டில் கிழித்துக்கொண்டு வந்த திருவிழா நோட்டீஸ். ஒருநாள் ஒரு தந்தியின் வாசகத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ‘மதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ இதில் எழுதாமல் விட்டது என்ன என்று கேட்டேன். நீங்கள் எட்டாம் வகுப்பை முடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றிருந்தீர்கள்.

அடி அண்ணாமலையிலிருந்து வரும் வசந்தா எழுந்தாள். பயிர் வைத்துப் பிழைக்கிற வீட்டுப் பெண், மெலிந்த உருவம், குரல் மட்டும் கனம்.

“அம்மா செத்துட்டாங்க டீச்சர்.”

“சீரியஸ்னுதானே எழுதியிருக்கு?”

“செத்துட்டாங்கனு எழுதினா, வர்றவங்க பஸ்ல ஒண்டியா அழுதுகினே வரணும் இல்ல? அதான் அப்படி அடிச்சிருக்காங்க. எங்க மாமாவுக்கு இப்படித்தான் அடிச்சாங்க.”

இரண்டே வரி. அதில் இல்லாத சாவைப் படித்தாள், அதை அனுப்பியவனின் மனசையும் படித்தாள். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். “சரி டீச்சர், இந்த விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி,” என்று போகும்போது சொன்னீர்கள். ‘இந்த விஷயத்தில்’ என்பதை அழுத்திச் சொன்னீர்கள்.

ஏனென்றால் இன்னொரு விஷயம் இருந்தது. நோட்டு திருத்துவது.

உங்கள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு பெண் எட்டு வரி எழுதியிருந்தால் நீங்கள் பன்னிரண்டு வரி சிவப்பில் எழுதுவீர்கள். தப்பை அடித்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் காரணமும் எழுதி, கீழே இனிஷியல் போட்டுக் கொடுப்பீர்கள். பெற்றோர் அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? மூடிவைத்துவிட்டு அடுத்த வாரம் அதே தப்பைச் செய்வார்கள்.

நான் சிவப்பு மை வாங்கியதே இல்லை. ஒரு வரியில் தப்பு இருந்தால் அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. என்ன தப்பு என்று சொல்ல மாட்டேன். அவளே தேட வேண்டும். பக்கத்துப் பெண்ணிடம் படித்துக் காட்டலாம், கேட்கலாம், சண்டை போடலாம். கண்டுபிடித்துத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தால் ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்துவிடுவேன். வெறும் எழுத்துத் தப்பு மட்டும் இல்லை. சொன்ன சேதியில் ஓட்டை இருந்தாலும் புள்ளிதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. நன்றாகத் திருத்தி முடித்த நோட்டில் புள்ளியே இருக்காது. சுத்தமாக இருக்கும். பார்ப்பவனுக்கு டீச்சர் தொடவே இல்லை என்று தோன்றும். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அப்பா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “இன்னாங்க டீச்சர், புள்ள இவ்ளோ எழுதியிருக்குது, நீங்க ஒரு டிக்கு கூட போடலியே?” என்று சண்டைக்கு நின்றார். நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் குறுக்கே வந்து, “ஐயா, டிக்கு கம்மியா இருக்கிற நோட்டுதான் நல்ல நோட்டு,” என்று ஒரே போடாகப் போட்டு அனுப்பிவைத்தீர்கள். அவர் போனதும் என்னிடம் திரும்பி, “இவருக்கு சொல்லிட்டேன். இன்ஸ்பெக்டருக்கு யார் சொல்றது?” என்றீர்கள்.

அந்த வருஷம் ஆவணியில் ஆய்வு என்று சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கூடமே மாறிப்போயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு, பூகோளப் படத்துக்குப் புது ஆணி. நீங்கள் எட்டாம் வகுப்புக்கு ஒத்திகை நடத்தியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. “கேள்வி கேட்டா எல்லாரும் கைய தூக்கணும். தெரிஞ்சவ சோத்துக்கை. தெரியாதவ பீச்சக்கை. நான் பாத்துக்குறேன்.” அப்படியே எனக்கும் ஒத்திகை சொல்லிப் பார்த்தீர்கள். எல்லா நோட்டிலும் சிவப்பில் கொஞ்சமாவது எழுதிவிடுங்கள் என்றீர்கள். பெரிய டீச்சரும் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் வகுப்பு நோட்டுகள் சிவப்பாக இருக்க வேண்டும் என்றார்.

“என்னால முடியாது,” என்றேன்.

“ஒரு நாளைக்கு டீச்சர். ஒரே ஒரு நாளைக்கு,” என்று நீங்கள் கெஞ்சினீர்கள்.

“அவங்க தேடிக்கிட்டிருக்கிற தப்ப நான் எடுத்து குடுத்துட்டா, அப்புறம் அவங்களுக்கு என்னா வேலை?”

“உங்க வகுப்பே போய்டும். புரியுதா உங்களுக்கு?”

“போனா போவட்டும்.”

போகட்டும் என்று வாயால் சொன்னேன். அந்த ஒரு வகுப்பைத் தவிர எனக்கு வேறு பெருமை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். நோட்டுகள் வைத்த அலமாரியின் சாவி உங்களிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே வசந்தா என்னைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கையில், ஆய்வுக்காக மேசையில் அடுக்கியிருந்த கட்டிலிருந்து எடுத்த அவள் நோட்டு. அவள் ‘எங்கள் வீட்டுப் பசு’ என்று எழுதியிருந்த கட்டுரையில் நான் வைத்த புள்ளி ஒன்று ஐந்து நாளாக அழியாமல் இருந்தது. இரண்டாவது வரியில் அவள் அண்ணன் காலை பஸ்ஸில் வேலூருக்கு வேலைக்குப் போய்விடுகிறான். வாரக் கடைசியில்தான் வருவான். ஆறாவது வரியில் அதே சாயங்காலம் அண்ணன் பால் கறந்துகொண்டிருக்கிறான். ஆறாவது வரிக்கு நேரே புள்ளி. அவள் அந்த வரியை மட்டும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தாள். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

இப்போது அங்கே அழகான சிவப்பு எழுத்தில், அண்ணன்தான் ஊரில் இல்லையே என்று எழுதியிருந்தது. கீழே என் இனிஷியல்.

“யாரோ என் நோட்ல எழுதிட்டாங்க டீச்சர்,” என்றாள். அவள் அழவில்லை, கோபத்தில் உதடு துடித்தது. “நேத்து ராத்திரி வீட்டுல படுத்துக்கினே முதல் வரிலேர்ந்து சொல்லிப் பாத்தேன். கிட்ட வந்துட்டேன். இன்னிக்கு பாத்திருப்பேன்.”

நாற்பத்திரண்டு நோட்டையும் திருத்தியிருந்தீர்கள். உங்கள் வகுப்புக்குப் படம் வரையச் சொல்லிவிட்டு, மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார்ந்து திருத்தியிருக்கிறீர்கள். என் கையெழுத்து மாதிரியே எழுதப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அழகு அதில் மறையவில்லை.

உங்களிடம் பேச நேரம் இல்லை. ஆய்வாளர் பத்து மணிக்கே வந்துவிட்டார். ஏழாம் வகுப்பில் என் மேசையில் உட்கார்ந்து நோட்டுகளைப் புரட்டினார். பெரிய டீச்சர் அவர் பின்னால், நீங்கள் வாசற்படியில்.

“பிரமாதமா கரெக்‌ஷன் பண்ணியிருக்கீங்களேம்மா. டிரெய்னிங் மட்டும் படிச்சவங்கனு சொன்னாங்க,” என்றார்.

பெரிய டீச்சரின் முகம் மலர்ந்தது. உங்கள் முகமும்தான். நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நான் திருத்தினது இல்ல சார்,” என்றேன்.

“பின்ன யாரு?”

அதை என் வாயிலிருந்து யாரும் வாங்கியிருக்க முடியாது. நீங்களே இரண்டு எட்டு முன்னால் வந்து, “நான்தான் சார். அவங்க நேத்து லீவு,” என்றீர்கள். ஆய்வாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பத்து நாளில் இரண்டு பேருக்கும் மெமோ. என்னுடையது நோட்டு திருத்தாததற்கு, உங்களுடையது இன்னொருவர் இனிஷியலைப் போட்டதற்கு. கூடவே ஒரு உத்தரவு. ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் பட்டதாரி ஆசிரியைக்கு, அதாவது உங்களுக்கு. எனக்கு மூன்றாம் வகுப்பு.

என் வகுப்பு போயிற்று, அதுவும் உங்களிடம் போயிற்று. உங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் தினமும் சாயங்காலம் ஏழாம் வகுப்பு நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பீர்கள். “கண்ணு எரியுது டீச்சர், கொஞ்சம் பாருங்களேன்,” என்பீர்கள். நான் தொடாமல் எழுந்து போவேன். மறுநாளும் வைப்பீர்கள். ஒருநாள் வசந்தா மூன்றாம் வகுப்பு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். “அந்த டீச்சர் நல்லவங்கதான் டீச்சர். ஆனா எல்லாத்தையும் அவங்களே எழுதிடுறாங்க. எங்களுக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கிறதில்ல,” என்றாள். அதைக் கேட்டும் நான் இறங்கி வரவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம், ஊர் முழுக்க இன்னும் வாழைப்பட்டையும் எச்சில் இலையுமாகக் கிடந்தபோது, நீங்கள் என் பெஞ்சில் வந்து ஒட்டி உட்கார்ந்தீர்கள். ஒரு காகிதத்தை என் முன்னால் விரித்தீர்கள். உங்களுக்கு வந்த மெமோ. அது முழுவதும் சிவப்பு. ஆய்வாளரின் இங்கிலீஷைத் தலையிலிருந்து கால்வரை திருத்தி, கீழே பத்துக்கு மூன்று மார்க் போட்டு, இனிஷியலும் போட்டிருந்தீர்கள்.

“இந்த தடவ என் இனிஷியல்தான் டீச்சர். நல்லா பாத்துக்கோங்க.”

மூன்று மாதக் கோபம், டீச்சர். அதை இரண்டு நிமிஷம்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நீங்கள் முதுகில் தட்டிக்கொண்டே நோட்டுக் கட்டை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் நாம் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் நான் பென்சில் புள்ளி வைப்பேன். பெண்கள் தேடித் திருத்துவார்கள். நான் புள்ளியை அழிப்பேன். எல்லாம் முடிந்த பிறகு நீங்கள் சிவப்பில் ஒரு டிக், ஒரு இனிஷியல். வேறு ஒரு எழுத்து எழுதக் கூடாது என்பது என் நிபந்தனை. எழுதாமல் இருக்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். “ஒரே ஒரு கமா டீச்சர், போட்டுக்கட்டுமா?” என்று கேட்பீர்கள். “கூடாது.” “கல்நெஞ்சம்.” “ஆமாம்.” நம் பெண்கள் எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் படித்துச் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதினார்கள். தாங்கள் எழுதியதைத் தாங்களே ஒருமுறை சந்தேகத்தோடு படித்தார்கள்.

பேர் உங்களுக்குத்தான் வந்தது. ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் என்றால் உங்கள் பெயர்தான். ஆண்டு விழாவில் மாலை உங்களுக்கு. எனக்கு அது உறுத்தவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் அந்த மாலையைக் கழற்றி என் கையில் திணித்தபோது, “எச்சி மாலை எனக்கு வேணாம்,” என்று தள்ளிவிட்டேன். நான் அப்படித்தான். பிற்காலத்தில் வேங்கிக்காலில் ஒரு பயிற்சி வகுப்பு. மாணவரே தம் எழுத்தைத் திருத்திக்கொள்ளும் புது முறை என்று ஒரு இளைஞர் சார்ட் ஒட்டி விளக்கினார். நான் எழுந்து, “இது புதுசு இல்ல தம்பி,” என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தீர்கள். பிறகு நீங்களே எழுந்து, “அவங்க சொல்றது நிஜம் சார், நான்தான் சாட்சி,” என்றீர்கள்.

கடைசியாக உங்களைப் பார்த்தது போன தை மாதம், கீழ்பென்னாத்தூரில் உங்கள் மகன் வீட்டில். கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தீர்கள். பேச்சோடு பேச்சாக, நாற்பது வருஷம் சொல்லாததைச் சொன்னீர்கள். அந்த வியாழக்கிழமை காலையிலேயே பெரிய டீச்சர் என் வகுப்பை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதி மேசையில் வைத்திருந்தாராம். நாளைக்குள் நோட்டு சிவப்பானால் அதைக் கிழித்துப் போடுகிறேன் என்று உங்களிடம் சொன்னாராம். வெள்ளிக்கிழமை காலை கிழித்தும் போட்டாராம். அதற்கு ஒரு மணி நேரம் கழித்து நான் வாயைத் திறந்தேன்.

“இத ஏன் அப்பவே சொல்லல?” என்றேன்.

“சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல,” என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, உங்கள் மருமகள் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்றைக்குக் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். நான் எழுதாததை என்னுடையது என்று விட முடியாது. ஐந்து நாளாகத் தேடிய பெண்ணின் முன்னால் அப்படி விடவே முடியாது. நீங்கள் செய்தது தப்பு. அதை அன்பினால் செய்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன், ஒன்றுக்காக இன்னொன்றை அழிக்கவில்லை.

ஆனால் அன்று கட்டிலருகே உட்கார்ந்து ஒன்றைச் சொல்ல நினைத்தேன். மருமகள் வந்ததும் விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை நான் வெளியே வந்தேன் என்று சொன்னேனே, நேராகப் போய்விடவில்லை. தாழ்வாரத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆய்வாளர் உங்களுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. நாற்பத்திரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, பி.டி. படித்தவர் செய்கிற காரியமா இது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் வலது கை விரல்களில் முதல் நாள் திருத்திய சிவப்பு மை போகாமல் இருந்தது. அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தப்பு செய்த பெண்ணைப் போலத் தலையைக் குனிந்து நின்றீர்கள். நீங்கள் ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லவில்லை.

பத்தடி தூரம்தான் இருக்கும். உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் நின்றிருக்கலாம். நான் வரவில்லை, டீச்சர்.